கற்பனைக் கவசக் குரூசர்: 1901-இல் வரைந்து 1926-இல் மறுசீரமைப்பது வரை, எடைக்கணக்கோடு முழு வழிகாட்டி

கற்பனைப் போர்க்கப்பல் வரைய உட்காருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் பீரங்கியை வரைகிறார்கள். பிறகு அதைச் சுற்றி ஒரு கப்பலை ஒட்டுகிறார்கள். கதைக்கோ, பலகை விளையாட்டுக்கோ, மாடலுக்கோ அப்படி உருவாகும் கப்பல் பார்க்க அழகாக இருக்கும். 10,000 டன்னில் 12 அங்குலப் பீரங்கியும் 25 நாட் (மணிக்கு 25 கடல்மைல்) வேகமும் 200 மி.மீ. கவசமும் இருக்கும். அந்தக் காலத்தில் அப்படி ஒன்றை யாராலும் மிதக்கவிட்டிருக்க முடியாது.

கவசக் குரூசர், அதாவது பக்கவாட்டில் கவசம் பூட்டிய வேகமான பெரிய போர்க்கப்பல், ஒரு எடைக் கணக்குப் புத்தகம். ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் கழிக்க வேண்டும். கூட்டிய எடை எந்த உயரத்தில் உட்காருகிறது என்பதையும் கூடவே எழுத வேண்டும். இங்கே ஒரே கப்பலை எடுத்துக்கொண்டு, தொடக்க அளவிலிருந்து கடைசி சோதனை ஓட்டம் வரை கணக்கோடு போகிறோம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியவை

யாருக்காக, எந்த ஆண்டில், எந்தத் துறைமுகத்திலிருந்து? இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் பென்சிலைத் தொடாதீர்கள்.

நம் உதாரணம்: தனக்கென்று பெரிய கப்பல்கட்டும் தளம் இல்லாத ஒரு சிறு கடற்படை, 1901-இல் இங்கிலாந்தில் ஆர்டர் கொடுக்கிறது. இது அன்று வழக்கமான ஏற்பாடுதான். ஜப்பானின் அசாமா, டோக்கிவா, இசுமோ, இவாட்டே நான்கும் எல்ஸ்விக்கில் ஆம்ஸ்ட்ராங் தளத்தில் பிறந்தவை. சிலியின் ஓ'ஹிக்கின்ஸும் அங்கேதான். கட்டுவது வெளிநாடு என்றாலும் அடிப்பாகம் சுரண்டிப் பெயின்ட் அடிக்கச் சொந்த ஊர் உலர்துறைக்குள் நுழைந்தாக வேண்டும். அகலத்தையும் அமிழ் ஆழத்தையும் அந்தத் துறையின் வாசல்தான் கட்டுப்படுத்தும்.

ஆண்டு முக்கியம். 1890-களின் கடைசியில் க்ரூப் முறைக் கவசம் பரவலானது. பழைய தகட்டைவிட மெல்லியதாகப் போட்டாலே அதே காப்பு கிடைத்ததால், பக்கவாட்டில் நீளமாகக் கவசம் பூட்ட முடிந்தது. 1908-இல் பிரிட்டனின் இன்வின்சிபிள் எட்டு 12 அங்குலப் பீரங்கிகளோடும் டர்பைனோடும் 25 நாட் ஓடியதும் இந்த வகையின் கதை முடிந்தது. நியாயமாக வரையக்கூடிய காலம் சுமார் பத்து ஆண்டுகள்தான்.

உடல் அளவு

நீளம் 130 மீட்டர், அகலம் 20.5, அமிழ் ஆழம் 7.4. மூன்றையும் பெருக்கினால் ஒரு பெட்டியின் கொள்ளளவு வரும். கப்பல் பெட்டி அல்ல, இரு முனையும் கூர். அந்தப் பெட்டியில் கப்பல் எவ்வளவு பங்கை நிரப்புகிறது என்பதுதான் பருமன் விகிதம். இந்த வகைக்கு 0.49 முதல் 0.54 வரை நம்பலாம். நாம் 0.52 எடுப்போம். கடல்நீரின் அடர்த்தி 1.025.

130 × 20.5 × 7.4 × 0.52 × 1.025 = 10,511. சுமார் 10,500 டன். இசுமோ 9,750, ஜெர்மனியின் ஷார்ன்ஹோர்ஸ்ட் சுமார் 11,600. நடுவில் நிற்கிறோம், சரி.

(ஷார்ன்ஹோர்ஸ்ட் தெரியாவிட்டாலும் அதன் அணியில் இருந்த ஒரு சிறு குரூசரை நமக்குத் தெரியும்: 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன். அது கவசக் குரூசர் அல்ல, லேசான குரூசர். ஆனால் அதைத் தேடி இந்தியப் பெருங்கடலில் அலைந்த ஹாம்ப்ஷயர் கவசக் குரூசர்தான்.)

வேகத்தின் விலை

தேவையான குதிரைத்திறனுக்கு அந்தக் கால வடிவமைப்பாளர்களின் குறுக்குவழி இது. எடையை இருபடியாக்கி அதன் கனமூலத்தை எடுங்கள். 10,500-க்கு அது 480. அதை வேகத்தின் முப்படியால் பெருக்கி, ஒரு மாறிலியால் வகுங்கள். மாறிலியை உண்மைக் கப்பல்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். 20.75 நாட், 14,500 குதிரைத்திறன் இசுமோவுக்கு அது சுமார் 280. 23 நாட், 30,000 குதிரைத்திறன் கொண்ட பிரிட்டனின் ட்ரேக்குக்கு 240-க்குச் சற்றுக் கீழே. வேகம் கூடக்கூட மாறிலி இறங்கும், அதாவது கூடுதல் வேகம் நினைத்ததைவிட அதிக விலை கேட்கும்.

நம் கப்பலுக்கு 21 நாட் என்றால் (மாறிலி 240) 18,500 குதிரைத்திறன். 22 நாட் என்றால் (230) 22,200. 23 நாட் என்றால் (222) 26,300. இரண்டு நாட் வேகத்துக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல் இயந்திரம். 22-இல் நிறுத்துவோம், 22,000 குதிரைத்திறன்.

தண்ணீர்க்குழாய்க் கொதிகலனும் மும்முறை விரிவு எஞ்சினும் (ஒரே நீராவியை மூன்று உருளைகளில் அடுத்தடுத்து விரிக்கும் எஞ்சின்) சேர்ந்து ஒரு டன்னுக்கு 12 குதிரைத்திறன் என்று வைத்தால் 1,850 டன் வரும். எந்தக் கொதிகலன் என்பதையும் எழுதுங்கள். பெல்வில் என்னும் தண்ணீர்க்குழாய் வகை அன்று பரவலாக இருந்தது, ஆனால் இணைப்புகளில் கசிந்து நன்னீரைக் குடித்துத் தீர்த்தது. பழகிய ஆட்கள் இல்லாத கடற்படையின் கையில் தலைவலிதான். பிரிட்டிஷ்காரர்களே தனிக் குழு போட்டு அலசினார்கள். டெவன்ஷயர் வகையில் பாதுகாப்புக்காகச் சில பழைய உருளைக் கொதிகலன்களையும் கலந்து வைத்தார்கள். கதையில் ஒரு பழுது தேவைப்பட்டால் அதை இங்கே வையுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

நிலக்கரிச் செலவு: ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. முழு வேகத்தில் ஒரு நாளில் 500 டன் எரியும். 10 நாட் வேகத்தில், துணை இயந்திரங்களையும் சேர்த்து, மணிக்கு 2.2 டன் வைத்துக்கொள்ளலாம். கிடங்கு நிறைய 1,600 டன் ஏற்றி, அதில் பத்தில் ஒன்பது பங்கு பயன்பட்டால் சுமார் 6,500 கடல்மைல்.

எடைப் பங்கீடு

10,500 டன்னை இப்படிப் பிரிக்கிறோம்: உடற்கூடு 4,150, இயந்திரம் 1,850, கவசம் 2,100, ஆயுதமும் குண்டும் 900, வழக்கமான நிலக்கரி 900, ஆட்கள், உணவு, படகு, நங்கூரம் முதலியவை 500, ஒதுக்கு 100. ஒதுக்கை விழுங்கிவிடாதீர்கள். கட்டி முடிக்கும் முன் கடற்படை அதிகாரி ஒருவர் வந்து கூடுதலாக ஒரு தேடுவிளக்கும் தளபதிக்கு ஒரு அறையும் கேட்பார்.

ஆயுதம்: முன்னும் பின்னும் ஒவ்வொரு சுழல் கோபுரத்தில் இரட்டை 8 அங்குலப் பீரங்கி, ஆக நான்கு; குண்டு ஒன்று 113 கிலோ. பக்கங்களில் 6 அங்குலம் பத்து. குண்டு 45 கிலோ. டார்பிடோ படகுகளை விரட்ட 76 மி.மீ. பன்னிரண்டு. ஆட்கள் சுமார் 670.

கவசக் கணக்கு: இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்

பரப்பு × தடிமன் × 7.85. இவ்வளவுதான் சூத்திரம். சலிப்பில்லாமல் போட்டுப் பாருங்கள்.

நடுக் கவசப் பட்டை 75 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம், இரு பக்கம், 150 மி.மீ.: 442 டன். முனைகளில் மீதி 55 மீட்டருக்கு 75 மி.மீ.: 162. மேல் பட்டை 50 மீட்டர் × 2.4 மீட்டர், 125 மி.மீ.: 236. குறுக்குச் சுவர்கள் இரண்டு, 100 மி.மீ.: 113. கவசத் தளம் சராசரி 40 மி.மீ., பரப்பு 1,865 சதுர மீட்டர்: 586. சுழல் கோபுரங்களும் அவற்றைத் தாங்கும் உருளைகளும்: 360. 6 அங்குலப் பீரங்கிகளுக்குத் தனித்தனிக் கவச அறைகள், அதாவது கேஸ்மேட், பத்துக்கு 250. கட்டளைக் கோபுரம் 60.

கூட்டினால் 2,209. ஒதுக்கியதோ 2,100. மிகுதி 109 டன்.

தளத்தைக் கவனியுங்கள். வெறும் 40 மி.மீ. தான், ஆனால் முழுக் கப்பலையும் மூடுவதால் நடுப் பட்டையைவிடக் கனம். ‘தளத்தை 75 மி.மீ. ஆக்கிவிடலாமே’ என்பவர்களுக்கு விடை: இன்னும் 500 டன் எங்கிருந்து வரும்?

நாம் கழிப்பது: கீழ்வரிசையின் முன் கேஸ்மேட் இரண்டை நீக்கினால் 50, முனைப் பட்டையை 60 மி.மீ. ஆக்கினால் 32, மேல் பட்டையை 110 மி.மீ. ஆக்கினால் 28. மொத்தம் 110. கணக்கு சரியாயிற்று. 6 அங்குலம் இப்போது எட்டு: மேல்வரிசையில் நான்கு, கீழ்வரிசையில் நான்கு.

கீழ்வரிசையில் கை வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பீரங்கிகள் நீர்மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டரும் சொச்சமும்தான். அமைதியான துறைமுகத்தில் அவை கம்பீரம். அலையடிக்கும் கடலில் கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே வரும். 1914 நவம்பர் 1-இல் சிலிக் கடற்கரை அருகே கொரோனலில் பிரிட்டனின் குட் ஹோப், மான்மத் இரண்டும் தங்கள் கீழ்ப் பீரங்கிகளைச் சரிவரப் பயன்படுத்த முடியாமலே ஷார்ன்ஹோர்ஸ்ட், நைசெனௌவிடம் அழிந்தன. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இன்னொரு கணக்கும் உடனே போடுங்கள். நீர்மட்டத்தில் கப்பலின் பரப்பு 1,865 சதுர மீட்டர் என்பதால், 19.1 டன் ஏற்றினால் கப்பல் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். கிடங்கு நிறையக் கரி ஏற்றும்போது வழக்கத்தைவிட 700 டன் கூடுகிறது: 37 சென்டிமீட்டர். நம் கவசப் பட்டை ஒரு மீட்டர் வெளியே தெரியும்படி வரைந்திருந்தால், துறைமுகத்திலிருந்து கிளம்பும் நாளில் வெளியே தெரிவது 63 சென்டிமீட்டர். விவரப் பட்டியலில் இரண்டு நிலைகளையும் எழுதாதவர் பாதிக் கப்பலைத்தான் வடிவமைத்திருக்கிறார்.

சாயுமா, நிற்குமா

ஏரா என்னும் அடிக்கட்டையிலிருந்து அளக்கிறோம். நம் உடல்வடிவத்துக்கு மெட்டாசென்டர் (கப்பல் லேசாகச் சாயும்போது மிதப்பு விசையின் கோடு நடுக்கோட்டை வெட்டும் புள்ளி) சுமார் 9.15 மீட்டர் உயரத்தில் வரும். மொத்த எடையின் மையம் 8.2 மீட்டரில் இருந்தால், இடைவெளி 0.95 மீட்டர். இது நல்ல அளவு. மிகக் குறைந்தால் கப்பல் சோம்பேறித்தனமாகச் சாய்ந்து, திரும்பி வர யோசிக்கும். மிகக் கூடினால் வெடுக்கென்று ஆடி, பீரங்கிக்காரரால் குறிவைக்க முடியாது. ஆட்ட நேரம்: அகலத்தை 0.8-ஆல் பெருக்கி, இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நமக்கு ஏறக்குறைய 17 வினாடி.

கொதிகலன் அறைகளின் இருபுறமும் நிலக்கரிக் கிடங்கு வைப்பது அன்றைய மரபு. கரி குண்டைத் தாங்கும் என்ற கணக்கு. கப்பலின் நீளவாக்கில் ஓடும் அந்தச் சுவர்கள் டார்பிடோ அடித்ததும் எமனாகும். ஒரு பக்கம் மட்டும் நீர் நிறைந்து கப்பல் கவிழும். பிரிட்டனின் கவசக் குரூசர்கள் அபூக்கிர், ஹோக், க்ரெஸ்ஸி மூன்றையும் ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி, யு-9, ஒரே காலையில் மூழ்கடித்தது. சென்னையில் எம்டன் சுட்ட அதே 1914 செப்டம்பர் 22. கிடங்குகளுக்கு இடையே குறுக்குச் சுவர்களை நெருக்கமாக வையுங்கள். எதிர்ப்பக்க அறைக்கு நீர் பாயக் குழாய் வையுங்கள்.

வெடிமருந்து போகும் வழியும் இதே ரகம். 1915 ஜனவரி 24 வட கடலின் டாகர் பாங்கில் ஜெர்மனியின் ப்ளூஹர் மீது விழுந்த ஒரு குண்டு, தளத்துக்குக் கீழே மருந்து கொண்டுபோகும் நடைபாதையைப் பற்றவைத்தது. அங்கிருந்து தீ கோபுரங்களுக்கு ஏறியது. ஒவ்வொரு பீரங்கி அறைக்கும் தனி மருந்தறை, தனித் தூக்கி, இடையில் தீப்பிழம்பைத் தடுக்கும் கதவு. பொது நடைபாதை இடத்தை மிச்சப்படுத்தும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

இருபது வருடம் கழித்து: மறுசீரமைப்பு

1926. கப்பல் கிழடு, பணம் கொஞ்சம். பார்த்துப் பழக உண்மை உதாரணம் ஒன்று இருக்கிறது: கிரேக்கத்தின் யோர்கியோஸ் அவெரோஃப். இத்தாலியில் கட்டி, பிரெஞ்சுக் கொதிகலனும் ஆங்கிலப் பீரங்கியும் பூட்டிய கப்பல். 1925 முதல் 1927 வரை பிரான்ஸில் மறுசீரமைத்தார்கள். டார்பிடோ குழாய்கள் போயின, மூன்று கால் கம்பம் வந்தது, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் ஏறின. இரண்டாம் உலகப் போரில் பம்பாயைத் தளமாகக் கொண்டு இந்தியப் பெருங்கடலில் ரோந்து போனது அதுதான். இன்றும் ஏதென்ஸ் அருகே ஃபாலிரோவில் அருங்காட்சியகமாக மிதக்கிறது. கவசக் குரூசர்களில் எஞ்சியது அது ஒன்றே.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் சாய்வுச் சோதனை: கட்டியபோது இருந்த எடைமையம் இப்போது அங்கே இருக்காது. இருபது வருடப் பெயின்ட், கூடுதல் அலமாரிகள், யாரோ மாட்டிய இரும்புகள் எல்லாம் மேலேதான் சேரும். குண்டையும் கரியையும் இறக்கி, தொட்டிகளைக் காலியாகவோ முழுதாகவோ வைத்து (பாதி நிறைந்த தொட்டி கணக்கைக் கெடுக்கும்), காற்றில்லாத காலையில், தளத்தின் மேல் 40 டன் இரும்பைப் பக்கவாட்டில் 10 மீட்டர் நகர்த்துங்கள். உள்ளே 5 மீட்டர் நூலில் ஒரு தூக்குக்குண்டு. மொத்த எடை 10,500-ம் இடைவெளி 0.95-ம் என்றால் தூக்குக்குண்டு 20 சென்டிமீட்டர் நகரும். அதிகம் நகர்ந்தால் இடைவெளி குறைந்திருக்கிறது. சோதனை அன்று கப்பல் எவ்வளவு எடையோ அதைத்தான் கணக்கில் போட வேண்டும்.

அடுத்து பழுதாய்வு. கொதிகலன் குழாய், கண்டென்சர் குழாய், தண்டின் தாங்கிகள், கரிக்கிடங்கின் அடித்தகடு. கடைசியாகச் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. ஈரக் கரி இரும்பை அரிக்கும்; துளை போட்டு அளந்தால்தான் மிஞ்சிய தடிமன் தெரியும்.

கொதிகலனை மாற்றுவது பெரிய அறுவை. புகைபோக்கிகளைக் கழற்றி, புகைவழிகளை இறக்கி, மேல்தளம், நடுத்தளம், கவசத்தளம் மூன்றிலும் ஒரே செங்குத்தில் திறப்பு வெட்ட வேண்டும். கவசத்தளத் தகடுகளை எண் போட்டு ரிவெட் நீக்கி எடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே இடம். எண்ணெய் எரிக்கும் பத்துப் பன்னிரண்டு ‘யாரோ’ (Yarrow) வகைக் கொதிகலன்கள் போதும். எண்ணெய் அதே எடைக் கரியைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வெப்பம் தரும், அடுப்பில் கரி அள்ளும் ஆட்களும் குறைவார்கள். ஆனால் பழைய கரிக்கிடங்கில் எண்ணெயை ஊற்றாதீர்கள். அந்த ரிவெட்டுகள் எண்ணெய்க்கு வேண்டிய நெருக்கத்தில் அடிக்கப்பட்டவை அல்ல, வருடக்கணக்கில் கசியும். இரட்டை அடித்தளத்தைத் தொட்டியாக்குங்கள். கிடங்கில் கரி இல்லாததால் பக்கக் காப்பு குறைகிறது என்பதையும் எழுதிவையுங்கள்.

எஞ்சினை டர்பைனாக மாற்ற ஆசை வரும். தண்டின் சாய்வு, படுகை, சுழலி, பல்சக்கரம் எல்லாம் மாறும். அந்தக் காசுக்குப் புதிய கப்பலில் பாதி வந்துவிடும். தொடாதீர்கள்.

மேல்பக்க மாற்றங்களின் கணக்கைப் பாருங்கள், பாடம் இங்கேதான் இருக்கிறது.

எடுப்பவை: கீழ்வரிசை 6 அங்குலம் நான்கு, 56 டன், 10.7 மீட்டர் உயரம். பின் கம்பத்தின் கனத்த மேல்பகுதி 30 டன், 25 மீட்டர். நீரடி டார்பிடோ குழாய்கள் 25 டன், 5 மீட்டர். டார்பிடோ வலையும் கழிகளும் 30 டன், 12 மீட்டர். மொத்தம் 141 டன்.

சேர்ப்பவை: மூன்று கால் முன்கம்பம், பழையதைக் கழித்து 22 டன், 20 மீட்டர், தூரமானியும் குறிநோக்கு மேடையும் 10 டன், 30 மீட்டர், 76 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி நான்கு, 24 டன், 15 மீட்டர். தேடுவிளக்கு மேடை 12 டன், 18 மீட்டர். விரித்த பாலம் 20 டன், 18 மீட்டர். மொத்தம் 88 டன்.

கப்பல் 53 டன் இலகுவாகிவிட்டது. நல்லதுதானே? ஒவ்வொன்றையும் 8.2 மீட்டரிலிருந்து எவ்வளவு மேலே, கீழே என்று பெருக்கிப் பாருங்கள். எடுத்ததால் கிடைத்த லாபம் 678 டன்-மீட்டர், சேர்த்ததால் நட்டம் 954. இலகுவான கப்பலின் எடைமையம் 2.6 சென்டிமீட்டர் மேலே போயிருக்கிறது. அடியில் இருந்த கொதிகலன்களும் மாறி 250 டன் குறைந்தால் ஏற்றம் 12 சென்டிமீட்டரைத் தொடும். மிதப்பு உயர்வதால் அதில் ஒரு பங்கு ஈடாகும். மீதிக்கு இரட்டை அடித்தளத்தில் 150 டன் வார்ப்பிரும்பு அடிப்பாரம் போடுங்கள். கொதிகலனில் மிச்சம் பிடித்த எடையில் பாதிக்கு மேல் இப்படி இரும்பாகவே திரும்பப் போகும். நீக்கிய கேஸ்மேட் வாய்களைத் தகடு வைத்து அடைத்தால் கடல் தாங்கும் திறன் வெளிப்படையாகக் கூடும். ட்ரேக் வகையில் எஞ்சியவற்றுக்கும் பிரிட்டிஷார் போரின் நடுவே கீழ்ப் பீரங்கிகளை எடுத்து மேல்தளத்தில் வைத்தார்கள்.

கம்பத்தைப் புகைபோக்கிக்குப் பின்னால் வைக்காதீர்கள். பிரிட்டனின் ட்ரெட்நாட் போர்க்கப்பலில் அப்படி வைத்து, மேலே நின்றவர்கள் புகையிலும் சூட்டிலும் வெந்தார்கள். தூரமானியிலிருந்து வரும் கம்பிகள் கவசக் குழாய்க்குள் இறங்கி, கவசத்தளத்துக்குக் கீழே ஒரு கணக்கறையில் முடிய வேண்டும். 8 அங்குலமும் 6 அங்குலமும் ஒரே நேரத்தில் சுட்டால் எந்த நீர்த்தெறிப்பு எதனுடையது என்று மேலிருப்பவருக்குப் புரியாது. தூரத்தில் 8 அங்குலம் மட்டும் சுடும்படி ஒழுங்கு எழுதுங்கள். விமான எதிர்ப்புப் பீரங்கி நிற்கும் இடத்தில் படகுத் தூக்கி சுழல்கிறதா என்றும் பாருங்கள். மாடல்களில் அடிக்கடி காணும் பிழை அதுதான்.

முடிந்ததும் மறுபடி சாய்வுச் சோதனை, பிறகு அளந்த மைல் ஓட்டம், அதாவது வேகச் சோதனை. பழைய எஞ்சினிலிருந்து 18,500 குதிரைத்திறன் பிழிந்தால் 21 நாட் வரும். அன்றாடத்துக்கு 20 என்றே பட்டியலில் போடுங்கள். எரிபொருளைக் கழித்த எடை 9,600 டன்னுக்குள் நிற்பதால், 1922 வாஷிங்டன் உடன்படிக்கை குரூசருக்கு வைத்த 10,000 டன், 8 அங்குலம் என்ற வரம்புக்குள்ளேயே நம் கிழவி அடங்குவாள்.